பெரியவள் வாய்க்கால்

அந்தப் புல்லை என் ஓரகத்தி வளர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தானாக முளைத்தது. அவள் செய்ததெல்லாம் அதைப் பிடுங்காமல் விட்டதுதான். பிடுங்க வேண்டுமென்றால் குனிய வேண்டும்; அவளுக்கு உடம்பு வணங்காது. ஆனாலும் பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவக் அவளுடைய வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, நாலு ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்து, வடிகால் என்றால் இதுதான் வடிகால் என்று கையை நீட்டிக் காட்டினார். அதற்கு அடுத்த பங்கில், குனிந்து குனிந்து இடுப்பொடிந்து போன நான் நின்றுகொண்டிருந்தேன். ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் வாய்த்தவர்கள் அண்ணன் தம்பி. மூத்தவருக்கு அவள், இளையவருக்கு நான். அவர்களுடைய அப்பா, தாத்தா எல்லாரும் கம்மாபுரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு வரப்பு கிடையாது. நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு மாசாமாசம் சம்பளம் என்று ஒன்று வந்தது. என் வீட்டுக்காரர் மைன்ஸில் பம்பு செக்‌ஷனில் சேர்ந்து சீக்கிரமே பெர்மனென்ட் ஆகிவிட்டார். மூத்தார் காண்ட்ராக்டில் மண் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்களுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவர்கள் ஊரிலேயே கூரை வீட்டில் இருந்தார்கள். இதைக் கேட்டால் பொறாமைப்பட வேண்டியவள் அவள்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நிலம் வாங்குகிற வரைக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய நிலம் அது. ஓடையோரத்துப் பள்ளம். யாரும் வேண்டாம் என்று விட்டதால்தான் எங்களுக்குக் கிடைத்தது. சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியே விடுவார்கள். அதனால் அந்த ஓடை கோடையிலும் வற்றாது. மேட்டு நிலத்துக்காரர்களுக்கு அது வரம். பள்ளத்துக்காரர்களுக்கு வயலில் தண்ணீர் வடிவதே பெரிய பாடு. ஆனால் எங்களுக்கு அது வம்சத்திலேயே முதல் சொந்த மண். வாங்கிய அன்று நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கி நின்றேன். கணுக்கால் வரை உள்ளே இழுத்தது. குவார்ட்டர்ஸ் தரையில் கால் வைத்தபோது அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. அது கம்பெனி வீடு. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டியது. இது என்னுடையது.

பாகம் பிரிக்கச் சீட்டுப் போட்டோம். மேல் பங்கு அவளுக்கு விழுந்தது. கீழ் பங்கு எனக்கு. மேல் பங்கு என்றால் பெரிய மேடு ஒன்றும் இல்லை, என் பங்கைவிட ஒரு முழம் உயரம் இருக்கும். ஆனால் தண்ணீருக்கு ஒரு முழம் போதும். வெள்ளம் பள்ளத்தைத்தானே தேடும். சீட்டை எடுத்தது என் வீட்டுக்காரர் கை. அந்தக் கையை அன்றைக்கு நான் பார்த்த பார்வையில் அவர் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இரண்டு பங்கும் கிழக்கே ஓடையில்தான் வடிய வேண்டும். அவரவர் பங்குக்கு அவரவர் வாய்க்கால் வெட்டிக்கொண்டோம். மூத்தார் வெட்டியதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நேராகப் போனால் நடுவில் ஒரு நொச்சிப் புதர். அதை வெட்டியெறியச் சோம்பல்பட்டு, புதரைச் சுற்றிக்கொண்டு வளைந்து போனார். ஆழமாகவும் வெட்டவில்லை, அகலமாக, தாம்பாளம் போலச் சரித்துவிட்டு, கடைசியில் ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு குட்டையில் கொண்டு சேர்த்தார். குட்டை நிறைந்தால் ஓடைக்கு வழியும். குட்டை எதற்கு என்று கேட்டால், மாடு கழுவ.

எங்கள் வாய்க்கால் அப்படியில்லை. என் வீட்டுக்காரருக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணிய நிக்க வுடவே கூடாது. நின்னுச்சுன்னா மிஷினு முழுவிப்பூடும்" என்பார். வயலில் என்ன மிஷின் இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. ஏனென்றால் என் மனசிலும் வடிகால் என்றால் வேறொரு படம் இருந்தது. டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் வீட்டு வாசல்களை ஒட்டி சிமெண்டு வடிகால் போகும். நூல் பிடித்தது போல நேர். ஒரு புல் தலைகாட்டினாலும் சானிட்டரி ஆட்கள் வந்து சுரண்டிவிட்டுப் போவார்கள். எத்தனை மழை பெய்தாலும் நின்ற கொஞ்ச நேரத்தில் தெரு பளிச்சென்று இருக்கும். ஊரிலிருந்து வந்த எனக்கு டவுன்ஷிப்பில் ரொம்பப் பிடித்தது எது என்றால் லைட் இல்லை, குழாய்கூட இல்லை, அந்த வடிகால்தான். என் வயலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவருடைய ஷிப்டு ஆட்கள் லீவு நாளில் மண்வெட்டியோடு வந்தார்கள். மைன்ஸ்காரர்கள் கை வைத்தால் சும்மாவா? இடுப்பளவு ஆழம், சுவர் போல நிமிர்ந்த கரை, வயலிலிருந்து ஓடைக்கு ஒரே கோடு. நான் கேப்பைக்கூழும் வெங்காயமும் கொடுத்துக்கொண்டே பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். அதற்குப் பிறகு அந்த வாய்க்காலைப் பராமரிப்பது என் வேலை. வீட்டுக்காரர் டூட்டிக்குப் போகும்போது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கி, மிச்ச தூரம் நடந்து வயலுக்குப் போவேன். களைக்கொத்தியால் கரை இரண்டையும் சுரண்டுவேன். ஒரு அருகம்புல் வேர்கூட விடமாட்டேன். சாணம் போட்டு மெழுகாத குறைதான்.

அவள் தன் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே பார்ப்பாள்.

"ஏண்டி, வாய்க்காவுல கோலம் போடப் போறியா?" என்பாள்.

"உன் வாய்க்காலப் பாருக்கா. காடு மாதிரி கெடக்குது."

"கெடக்கட்டும். மாட்டுக்கு ஆவுது."

அவளுக்கு ஒரு பசுமாடு இருந்தது. வாய்க்கால் சரிவில் மண்டிய அருகம்புல்லைத் தலையை மட்டும் அறுத்து மாட்டுக்குப் போடுவாள், வேரைத் தொடமாட்டாள். அடியில் கோரை. குட்டை ஓரத்தில் யாரோ கொடுத்த வெட்டிவேரைக் குத்தி வைத்திருந்தாள், தலைக்கு எண்ணெயில் போட்டுக்கொள்ள. இவ்வளவுதான் அவளுடைய விவசாய ஞானம்.

முதல் வருஷம் சம்பா இரண்டு பங்கிலும் ஒன்றுபோலத்தான் கிளம்பியது. உண்மையைச் சொன்னால் என் பயிர் கொஞ்சம் கூடுதல் பச்சை. நான் எரு அதிகம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர் ஒருவர் 'சின்னவ பயிரு கறுகறுன்னு இருக்குதே' என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை நான் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அவள் வயலில் ஒரு திருஷ்டிப் பொம்மை நிற்கிறது. வைக்கோல் உடம்பு, தலைக்குக் கவிழ்த்த சட்டி, சுண்ணாம்பில் முழித்த கண் இரண்டு. சாதாரணமாக அதைப் பாதையைப் பார்க்க வைப்பார்கள். போகிறவர் வருகிறவர் கண் படக்கூடாது என்று. இவள் என் பங்கைப் பார்க்க வைத்திருந்தாள். அதற்கு மாட்டியிருந்த காக்கிச் சட்டை என் வீட்டுக்காரருடைய பழைய சட்டை. மூத்தார் போட்டுக்கொள்ளட்டும் என்று நான்தான் கொடுத்திருந்தேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன கேட்பது? என் கண்ணுக்கா பொம்மை வைத்தாய் என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடக்கூடியவள் அவள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. விடாமல் ஊற்றியது. ஓடையும் நிறைந்து வந்தது. மழை ஓய்ந்த காலையில் நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது என் நேர்கோட்டு வாய்க்காலைக் காணவில்லை. நிமிர்ந்து நின்ற கரை இரண்டும் உள்பக்கமாகச் சரிந்து, வாய்க்கால் வாயை மண் அடைத்துவிட்டிருந்தது. அடைபடுவதற்கு முன்னால் வந்த வேகத்தில் வயலின் மேல்மண்ணையும் நான் கொட்டிய எருவையும் வாரிக்கொண்டு போயிருந்தது. பிறகு வடிய வழியில்லாமல் மிச்சத் தண்ணீர் பயிரின் கழுத்தளவு நின்றது. ஓடைத் தண்ணீரில் என் பக்கம் மட்டும் குங்குமம் கரைத்தது போலச் சிவப்பாக ஒரு கோடு போய்க்கொண்டிருந்தது. அது என் மண். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று.

கொஞ்சம் மேலே, அவளுடைய குட்டையிலிருந்து வழிந்த தண்ணீர் தெளிந்த நீராகாரம் போல இருந்தது. புல்லெல்லாம் தண்ணீர் போன திசைக்குச் சாய்ந்து படுத்திருந்தது. கரையில் ஒரு பிடி மண்கூட நகரவில்லை. நொச்சியைச் சுற்றி வந்த இடத்தில் வேகம் தணிந்து, குட்டையில் வண்டல் இறங்கி, வெறும் தண்ணீர் மட்டும் ஓடைக்குப் போயிருந்தது. அவள் பயிர் நிமிர்ந்து நின்றது. பொம்மைகூட விழவில்லை. நனைந்த காக்கிச் சட்டையோடு என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் விழுந்தது அவள் மடியில்.

போதாததற்கு ஓடைக்குக் கீழே நிலம் வைத்திருந்த பண்ணைக்காரர் வந்து நின்றார். எங்கள் மாமனார் கூலிக்கு உழுதது அவர் வீட்டு நிலத்தில்தான். ஓடையிலிருந்து அவருடைய வயலுக்குப் பிரியும் கால்வாயில் என் சேறு போய் மேடு தட்டிவிட்டது.

"மைன்சுல தோண்டற மாதிரி வயல்ல தோண்டி வெச்சிருக்கீங்க. சொந்தமா நெலம் வாங்கத் தெரிஞ்சா போதுமா? வெச்சிக்கத் தெரிய வாணாமா?" என்றார்.

என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு போய் அந்தச் சேற்றை வாரிப் போட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு சொன்னார்:

"இன்னும் ஒரே ஒரு சம்பா பாக்கலாம். அதுவும் அழுவிப் போச்சுன்னா, நம்ம பங்கையும் அண்ணங்கிட்டயே வுட்டுடலாம். நமக்கு இன்னா கொறை? கொழா இருக்குது, லைட்டு இருக்குது. எதுக்கு அந்தச் சேத்துல கெடந்து மாரடிச்சிகினு?"

அண்ணனிடம் விடுவது என்றால் அவளிடம் விடுவது. என் மண்ணிலும் அவள் கால் வைப்பாள், வெற்றிலை மெல்லுவாள், மாடு மேய்ப்பாள். நான் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். நிலம் போவதுகூட இருக்கட்டும். அது அவளிடம் போவதை நினைத்தால் சோறு தொண்டையில் நின்றது.

தை மாசம் அவள் அறுத்தாள். நான் அறுக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்தக் கிராம சேவக் வந்தார், சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு. மழையில் பள்ளத்து வயல்கள் எல்லாம் போயிருக்க, ஒரு பங்கு மட்டும் எப்படித் தப்பியது என்று பார்க்க வந்தவர், அவள் வாய்க்காலைப் பார்த்துச் சொக்கிப் போனார். அடுத்த வாரம் நாலு ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தண்ணிய வெரட்டக் கூடாதுங்க. நடக்க வெச்சுக் கூட்டிகிட்டுப் போவணும்" என்று அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "புல்லு இருந்தா மண்ணு போவாது. எருவும் உங்க வயல்லயே நிக்கும். கொளத்துல வண்டல் தங்கினா கோடையில அள்ளி வயல்லயே போட்டுக்கலாம். கீழ இருக்கறவருக்கும் நல்ல தண்ணி போவும். காசு செலவில்லாத வடிகால். இதை எப்படிம்மா யோசிச்சீங்க?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எனக்கு அப்பவே தெரியுங்க" என்றாள். "எங்க வூட்டுக்காரரு நேரா வெட்டறன்னுதான் நின்னாரு. நான்தான், நொச்சிய வெட்டாத, அது கரைய புடிச்சிக்கும்னு சொன்னேன். புல்லையும் பாத்துப் பாத்து வளத்தேன். கொழந்தைய வளக்கற மாதிரி."

குழந்தையாம்! மாடு தின்றதுபோக மிச்சம் அந்தக் குழந்தை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஊர்க்காரர்கள் குட்டையை எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கே அதற்குப் பேர் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் அவள் பெரியவள் என்பதால், 'பெரியவ வாய்க்கா'. எனக்கு வயிறு எரிந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. வீட்டுக்கு வந்து மோரைக் கரைத்துக் குடித்தேன்.

ஆனால் மோர் குடித்தால் வாய்க்கால் வந்துவிடுமா? அடுத்த சம்பாவுக்குள் எனக்கும் அந்த மாதிரி சரிவும் புல்லும் வேண்டும். புல்லை விதைத்து, அது முளைத்து, கரையைப் பிடிக்கக் காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். வேரும் மண்ணுமாகப் பத்தை பத்தையாகப் பெயர்த்து வைக்க வேண்டும். அப்படிப் பிடிப்பான புல் அந்தப் பக்கத்தில் அவளிடம்தான் இருந்தது. கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் மாசி முழுக்க யோசித்தேன். பங்குனியில் ஒருநாள் போய், மாட்டுக்குத் தவிடு கொண்டுவந்தேன் என்று ஆரம்பித்து, கடைசியில் கேட்டுவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன்.

"எடுத்துக்க. எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்க" என்றாள். பிறகு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "எனக்கும் ஒண்ணு வேணும்" என்றாள்.

"இன்னா வேணும்?"

"உங்க வூட்டுக் கொழாயில வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான் தலைக்கு ஊத்திக்கணும்."

எனக்குப் புரியவில்லை. இதையெல்லாம் ஒருத்தி கேட்டு வாங்குவாளா என்று இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "நீ குடிவந்தப்போ பால் காய்ச்ச வந்தேன் இல்ல? கொழாய தொறந்து காமிச்ச. கிணத்துல சேந்தாம, கொடம் தூக்காம, நின்ன எடத்துல தண்ணி. அன்னிக்கி வூட்டுக்கு வந்து எனக்குச் சோறு எறங்கல" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டுக் காலித் தவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரே சந்தோஷம். அவளுக்கும் சோறு இறங்கவில்லையாம்.

சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியதும் வேலையை ஆரம்பித்தோம். இடிந்த கரையைச் சரித்து, வாய்க்காலை ஆழம் குறைத்து அகலப்படுத்தினோம். நேராக வெட்டியே பழகிய என் வீட்டுக்காரரை வளைத்து வெட்ட வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. இரண்டு இடத்தில் வளைவு. ஓடையில் சேருமிடத்தில் ஒரு குட்டை. அவள் வாய்க்காலிலிருந்து புல் பத்தைகளை அங்கங்கே விட்டுவிட்டு எடுத்து, கூடையில் சுமந்து வந்து, சரிவில் அமுக்கி அமுக்கி வைத்தேன். குட்டை ஓரத்தில் வெட்டிவேர். வளைவில் நொச்சிக் குச்சி ஒடித்து நட்டேன். வைத்த புல் பிடிக்கிற வரைக்கும் குடத்தில் மொண்டு ஊற்றினேன். களைக்கொத்தியைத் தொடவே கூடாது என்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. புல்லைப் பார்த்தாலே கை அரிக்கும்.

அவளும் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் கிழங்கும் சீயக்காய்ப் பொட்டலமும் மாற்றுப் புடவையுமாகக் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நிற்பாள். கதவைச் சாத்திக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். நான் சமையலறையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வாளி நிறைந்து வழிந்து ஓடும், அவள் மூடமாட்டாள். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். தண்ணீர் வீணாகிறதே என்று பதைப்பாகவும் இருக்கும். ஆனால் மூடச் சொல்லவில்லை. என் குழாய்க்கு முன்னால் அவள் அப்படி ஏங்கி நிற்பது எனக்கு வேண்டியிருந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவாள். ஸ்விட்சைப் போடுவாள், அணைப்பாள். "ராசாத்தி வாழ்வுதான்டி உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். அன்றைக்கு முழுக்க எனக்குப் பசியே எடுக்காது.

அந்த வருஷமும் ஐப்பசி மழை குறை வைக்கவில்லை. பிளாக்கில் வாசல் வடிகால்கள் நிறைந்து ஓடின. நான் ஜன்னலருகே நின்று அந்தச் சிமெண்டு வடிகாலைப் பார்த்தேன்; முதல் தடவையாக எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் டூட்டியிலிருந்து வந்து நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பாத்துக்க, கடைசி சம்பா" என்றார்.

மழை விட்டதும் போனேன். முதலில் பயிரைப் பார்க்கவில்லை, ஓடையைப் பார்த்தேன். என் குட்டை வழிகிற இடத்தில் சிவப்புக் கோடு இல்லை. தண்ணீர் தெளிவாக, அவசரப்படாமல், புல்லைத் தடவிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் கை வைத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. வயலில் பாதத்தளவு தண்ணீர்தான் நின்றது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கொக்கு ஒன்று என் வாய்க்காலில் நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது. போன வருஷம் அந்தக் கொக்கு அவள் வாய்க்காலில்தான் நிற்கும்.

தை அறுப்பில் என் பங்குக்கு அவள் பங்கைவிட ஒரு கைப்பிடி கூடுதலாகவே விளைந்தது. பள்ளம் இல்லையா, வண்டல் தங்கினால் பள்ளத்துக்கு ஈடு கிடையாது. களத்தில் தூற்றிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். "வெத நெல்லு தனியா எடுத்து வையி" என்றார். அவ்வளவுதான். நிலம் எனக்கு நின்றுவிட்டது. நான் திரும்பி அவள் முகத்தைத் தேடினேன். அவள் பார்க்க வேண்டும் அல்லவா? அவள் அங்கே இல்லை. மூத்தாரை மைன்ஸில் ஏதோ வேலை விஷயமாகக் கூப்பிட்டார்கள் என்று இரண்டு பேரும் போயிருந்தார்கள்.

மூத்தார் பெர்மனென்ட் ஆகிவிட்டார். அடுத்த மழைக்கு முன்னால் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அதிலும் மூலை வீடு. பின்னால் ஒரு பலா மரம், காய்த்துத் தொங்குகிற மரம். பலா வேண்டுமென்றால் நாங்கள் பண்ருட்டிச் சந்தைப் பக்கம் யாராவது போனால் வாங்கிவரச் சொல்லுவோம்; அவளுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே. என் வீட்டில் ஒரு முருங்கைக் குச்சிகூடத் துளிர்க்காது. குழாய், லைட், பலா மரம். எதை விட்டாள் அவள்?

நிலத்தை விட்டாள். மூத்தாருக்கு ஷிப்டும் வயலும் ஒத்துவரவில்லை. மாட்டை விற்றுவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "எங்க பங்கையும் நீயே பாத்துக்கடி. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல" என்றாள். நான் இத்தனை நாளாகக் கண் வைத்திருந்த மேல் பங்கு. அதைக் கைமாற்றாக உப்புக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட இடம் வைக்கவில்லை.

அடுத்த சம்பா இரண்டு பங்கிலும் நான்தான் நட்டேன். இரண்டு வாய்க்காலிலும் புல்லைத் தலையறுத்தேன், இரண்டு குட்டையிலும் வண்டல் அள்ளினேன். பண்ணைக்காரர்கூட ஓடைக்கரையில் நின்று, "தண்ணி சுத்தமா வருது" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெரியவ வாய்க்கா புண்ணியம்" என்றும் சேர்த்துக்கொண்டார். என் வாய்க்காலுக்கும் சேர்த்தே அந்தப் பேர் போய்விட்டது. கிராம சேவக் ஆள் கூட்டிக்கொண்டு வந்தாலும், வந்தவர்கள் பெரியவ வாய்க்கால் எது என்று என்னிடமே வழி கேட்பார்கள். நான் கையில் சேற்றோடு நின்று வழி காட்டுவேன்.

பொம்மையின் காக்கிச் சட்டை நைந்து கிழிந்திருந்தது. நான் அவளுடைய குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் பலாச்சுளை தின்றுவிட்டு, பழைய சட்டை ஏதாவது இருந்தால் கொடு என்று கேட்டேன். மூத்தாருடைய காக்கிச் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். அதைப் பொம்மைக்கு மாட்டினேன். சட்டிக்குப் புதுச் சுண்ணாம்பில் கண் எழுதினேன். பிறகு கழியோடு பிடுங்கி, டவுன்ஷிப்பிலிருந்து வரும் பாதையைப் பார்க்கும்படி திருப்பி நட்டேன்.

கதிர் வாங்கியிருந்த நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் பாதையில் அவள் வந்தாள். தலை ஈரம் காயவில்லை. தன் வீட்டுக் குழாயிலேயே குளித்துவிட்டு வந்திருக்கிறாள். பொம்மைக்கு எதிரே வந்து நின்றாள். சட்டையைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். அது பார்க்கிற திசையில் திரும்பித் தான் வந்த வழியையும் பார்த்தாள்.

"என்னையா பாக்குது இது?" என்றாள்.

"காத்துல திரும்பிகிச்சு போல" என்றேன்.

அவள் சிரித்தாள். வாய்க்கால் சரிவில் இறங்கி, புல்மேல் உட்கார்ந்து, புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு காலைத் தண்ணீருக்குள் விட்டாள். இரண்டு பங்கையும் மெதுவாகப் பார்த்தாள். மேல் பங்கில் பார்வை நின்றது. பிறகு என் பங்குக்கு வந்தது. கதிரெல்லாம் தலை சாய்ந்து கிடந்தது. காற்றில் அரிசி வாசம். நான் வரப்பில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். களத்தில் அன்று தேடிக் கிடைக்காத முகம் இப்போது என் முன்னால் இருந்தது.

"திருப்பி வெச்சது நல்லதுதான்டி" என்றாள். "எனக்கு வவுறு எரியுது."

சொல்லிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிலை இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் சொன்னாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. இந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்க நான் எத்தனை மழை பார்த்திருப்பேன், எத்தனை நாள் மோர் குடித்திருப்பேன். கேட்டும் விட்டேன். தேனாக இனித்திருக்க வேண்டும். ஆனால் அது சீட்டுப் போட்ட நாளிலிருந்து என் வயிற்றில் கிடந்து எரிந்த வார்த்தை. அவள் முகத்துக்கு நேரே ஒரு நாளும் எனக்கு அது வாயில் வந்ததில்லை. கடைசியில் அதையும் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.